தறியை விட்டு இறங்கிய நூல்

வாசகர் கேள்வி – பதில்

பரமக்குடியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, சேலைக் கரைகளுக்கு வடிவம் வரைந்து, இன்று துணி, அட்டை, கம்பி ஆகியவற்றைச் சேர்த்துப் படைப்புகள் செய்துவரும் கலைஞர் ஒருவரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவரே பதில் தருகிறார்.

முதலில் சேலைக்கு டிசைன் போட்டீர்கள். பிறகு சுவரில் தொங்கவிடும் நெசவு. இப்போது பழந்துணி, அட்டை, செப்புக் கம்பி. ஒன்றில் நிலைத்து நிற்காமல் மாறிக்கொண்டே இருப்பது ஏன்?
– வாசகி, ஈரோடு

எங்கள் வீட்டில் குழித்தறி. அப்பா குழிக்குள் கால்களை விட்டு அமர்ந்து மிதிப்பார். அம்மா திண்ணையில் ராட்டையை வைத்துக்கொண்டு, குறுக்கு இழைக்கான நூலைத் தாராகச் சுற்றுவார். வெயில் ஏறுவதற்கு முன்பே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவு, அதாவது துணியின் நீளவாட்டு இழைகள், நீட்டிக் கட்டியிருக்கும். கஞ்சி போட்ட இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஆற்றுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள். அந்தத் தெருவில் வளர்ந்த எனக்கு வடிவம் என்றாலே கட்டம்தான். ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுபவர் கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் நிரம்பியிருந்தால் அந்த இடத்தில் இழை எழும். வெறுமையாக இருந்தால் எழாது. அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள்; எந்த இழை எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டைதான். அன்னத்தின் கழுத்து எவ்வளவு ஒய்யாரமாக வளைந்தாலும் நெசவில் அது படிப்படியாகத்தான் வளையும். பல ஆண்டுகள் அந்த வேலையை மனநிறைவோடு செய்தேன்.

ஆனால் சேலையை உடுத்தியதும் அது விழுகிறது, மடிகிறது, இடுப்பில் ஒரு மாதிரியும் தோளில் வேறு மாதிரியும் நிற்கிறது. நான் வரைந்த தாளில் அந்த மடிப்புக்கு இடமே இல்லை. மடிப்பையே நெய்ய முடியுமா என்ற எண்ணம் என்னை விடவில்லை. சிறிய சட்டத் தறி ஒன்றில் பாவிழைகளை ஒரே விறைப்பில் கட்டாமல், சிலவற்றை இழுத்தும் சிலவற்றைத் தளர்த்தியும் நெய்து பார்த்தேன். தறியிலிருந்து அறுத்து எடுத்ததும் துணி தானாகப் புடைத்து எழுந்தது. அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு, “பாவு சமமாக இல்லையே, அம்மா” என்றார் என்னிடம். சேலை நெய்பவருக்கு அது பெருங்குறை. எனக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

அட்டைகள் வந்த கதை வேறு. கணினியோடு இணைந்த ஜக்கார்டு வந்த பிறகு, துளையிட்ட பழைய அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு கட்டும் ஒரு சேலைக் கரை. அதை வரைந்த கை, துளை அடித்த கை, நெய்த கை எல்லாம் அதில் இருக்கின்றன. கிடைத்தவற்றை வாங்கி வந்து, அந்தத் துளைகள் வழியாகவே நூலையும் செப்புக் கம்பியையும் கோக்க ஆரம்பித்தேன். ஊசி போக வேண்டிய வழியை யாரோ எனக்கு முன்பே திறந்து வைத்திருந்தார்கள்.

ஒரு பொருளிடம் நான் கேட்டதை அந்தப் பொருளால் தர முடியாமல் போனபோதுதான் அடுத்ததைத் தொட்டிருக்கிறேன். சலிப்பினால் மாறியதில்லை. சலிப்பு வந்தால் அதே பொருளோடு இன்னும் சில மாதம் இருந்து பாருங்கள் என்றுதான் உங்களுக்கும் சொல்வேன். சலிப்புக்கு அடியில் பெரும்பாலும் நாம் இன்னும் கற்றுக்கொள்ளாத ஏதோ ஒன்று இருக்கிறது.

உங்களை மிகவும் பாதித்த கலைஞர் யார்? அவரிடம் அப்படி என்ன கண்டீர்கள்?
– வாசகர், திருநெல்வேலி

மிருணாளினி முகர்ஜி. இந்தப் பெயர் தமிழ் வாசகர்களிடம் இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1949இல் பம்பாயில் பிறந்தவர். தந்தை பினோத் பிகாரி முகர்ஜி, சாந்திநிகேதனின் பெரும் சுவரோவியர். தாய் லீலா முகர்ஜி, மரத்தில் செதுக்கிய சிற்பி. தந்தைக்கு 1950களின் பிற்பகுதியில் பார்வை முழுவதும் போய்விட்டது. அவர் ஓய்ந்து உட்காரவில்லை; வண்ணக் காகிதங்களை வெட்டி, விரலால் தடவித் தடவி ஒட்டிப் படம் செய்தார். தூரிகை கைவிட்டால் கத்தரிக்கோல் என்ற துணிவை அந்த மகள் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்.

பரோடாவில் அவர் கே.ஜி. சுப்பிரமணியனிடம் படித்தார். சுப்பிரமணியன் கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றியவர். கலை என்றும் கைவினை என்றும் சுவர் எழுப்பிப் பிரிப்பதை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர். அப்படிப்பட்ட ஆசிரியரிடம் படித்த மிருணாளினி, 1970களின் தொடக்கத்தில் சணல் நார்க் கயிற்றைக் கையில் எடுத்தார். தறி கிடையாது, முன்கூட்டி வரைந்த படமும் கிடையாது. முடிச்சு, மேலும் முடிச்சு, அவ்வளவுதான். சாயமேற்றிய கயிற்றை முடிந்து முடிந்து ஆளுயரத்துக்கும் மேலே எழுப்பினார். உள்ளே தாங்குவதற்கு உலோகச் சட்டம். வெளியே முழுக்க முடிச்சு. 1984இல் செய்த ‘யட்சி’, 1994இல் செய்த ‘வனஸ்ரீ’ ஆகியவற்றின் படங்களையாவது தேடிப் பாருங்கள். கருவறை இருட்டில் நிற்கும் அம்மனா, மழையில் விரிந்த காட்டுப் பூவா என்று சொல்ல முடியாது. இரண்டும்தான்.

கயிற்றில் முடிச்சுப் போட்டவர் என்பதாலேயே அவர் செய்தது சிற்பமா கைவேலையா என்று நீண்ட காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் விளக்கம் சொல்லிக் காலத்தை வீணாக்கவில்லை. அடுத்த முடிச்சைப் போட்டார்.

1990களின் நடுவில் களிமண்ணுக்குப் போனார். நெதர்லாந்தில் உள்ள மட்பாண்டக் கலை மையம் ஒன்றில் தங்கி வேலை செய்தார். 2000க்குப் பிறகு வெண்கலம். பனையின் மட்டையும் பாளையும் போன்ற உருவங்களை மெழுகில் செய்து வார்த்தார். கயிற்றிலிருந்து வெண்கலம் என்றால் எதிர்த் திசைக்குப் போனதாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மடல்களுக்குள் மடலாக விரியும் அந்த வெண்கலத்தைப் பார்த்தால், கயிற்றை முடிந்த அதே விரல்கள்தான் மெழுகையும் கிள்ளி மடித்திருக்கின்றன என்று தெரிகிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து இளக்கி, விக்கிரகத்தின் நகைகளுக்காக அந்த மெழுகை நூல் நூலாகத் திரித்துத்தான் ஒட்டுவார்கள். காவிரி வண்டல் மண் பூசிச் சூடேற்றினால் மெழுகு ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகம் வந்து நிற்கும்.

2015 ஜனவரியில் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி தொடங்கியது. தொடங்கிய சில நாட்களிலேயே, பிப்ரவரியில், அவர் காலமானார். 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நான் கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறேன். துணி, காகிதம், உலோகம் என்று கலந்து செய்வதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த மோகம் என்கிறார்கள். உண்மையா?
– மாணவர், கும்பகோணம்

தம்பி, நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா? தஞ்சாவூர் ஓவியத்தை ஒருமுறை பக்கவாட்டில் நின்று பாருங்கள். பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணாம்புப் பூச்சு, மேடு எழுப்பிய மக்குப் பசை, தங்க இலை, கண்ணாடிக் கல். இத்தனையும் சேர்ந்துதான் ஒரு படம்.

தேர் புறப்படும்போது நான்கு பக்கமும் உருளை உருளையாகத் தொங்கி ஆடும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். துணியை வெட்டி, துணிமேல் வைத்துத் தைத்து, யாளியும் தாமரையும் செய்திருப்பார்கள். காற்று அசைத்தால்தான் அந்தப் படைப்பு நிறைவு பெறும். அதைத் தைத்தவர்கள் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கோடாலிக்கருப்பூர் சேலை. அரியலூர்ப் பக்கத்து ஊர் அது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே நெய்தார்கள். பருத்தியோடு ஜரிகை சேர்த்து வடிவத்தை நெய்வது ஒரு கட்டம். அந்தத் துணிமேல் மெழுகு வைத்து, சாயம் ஏறக்கூடாத இடத்தை மறைப்பது அடுத்த கட்டம். பிறகு சாயமும் தூரிகை வேலையும். நெய்தவரும் எழுதியவரும் சாயம் போட்டவரும் ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்து செய்தால்தான் ஜரிகை மின்ன வேண்டிய இடத்தில் மின்னும். அரச ஆதரவு போனதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்தச் சேலை நின்றுபோயிற்று. துணிமேல் கையால் வரைந்து சாயமிடும் எழுத்து வேலை மட்டும் கருப்பூர்க் கலம்காரியாகத் தேர்ச்சீலைகளிலும் கோயில் விதானங்களிலும் தொடர்ந்து வந்து, 2021இல் புவிசார் குறியீடும் பெற்றது. அந்த வேலை நடக்கும் சிக்கல்நாயக்கன்பேட்டை உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். ஒரு விடுமுறை நாளில் போய், கடுக்காயில் தோய்ந்த துணியின் மணத்தை முகர்ந்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டுக் கலைஞர்களிடமும் கற்றுக்கொள்ளுங்கள், நானும் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் இரவல் வாங்கியதாகக் கூச்சப்பட வேண்டாம்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். நாற்பது ஆண்டுகளாகப் பூத்தையல் போடுகிறேன். இந்த வயதில் புதிய முறைக்கு மாறினால் கை வருமா?
– வாசகி, நாகர்கோவில்

வரும், அம்மா. அன்னி ஆல்பர்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தபோது நெசவு கேட்டுச் சேரவில்லை. மற்றப் பட்டறைகளில் பெண்களுக்கு இடம் அரிதாக இருந்ததால் நெசவுக்கு வந்து சேர்ந்தவர். அங்கே படிப்பை முடிப்பதற்கு அவர் நெய்தது அரங்கம் ஒன்றின் சுவருக்கான துணி. ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சும், மறுபக்கம் ஒளியைத் திருப்பும்; அதற்காக நூலோடு செலோபேன் என்ற பளபளக்கும் மெல்லிய கண்ணாடித் தாளைச் சேர்த்து நெய்தார். 1933இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1949இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அங்கே ஒரு நெசவுக் கலைஞருக்கு அப்படி வைத்தது அதுவே முதல் முறை. அதன் பிறகு, 1963இல், அறுபதைத் தாண்டிய வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில், கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் ஒரு கல்லச்சுப் பட்டறையில் அச்சோவியத்தைத் தொட்டார். பின்னாளில் தறியையே விட்டுவிட்டு அச்சிலேயே வாழ்ந்தார். அந்த அச்சோவியங்களின் கோடுகள் நூல் போலவே பின்னி ஓடுகின்றன.

நாற்பது ஆண்டு பூத்தையல் போட்ட விரலுக்கு இழையின் இறுக்கம் தெரியும். அது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. புதிய பொருளைத் தொடும்போது ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அதே சங்கிலித் தையலைத் துணிக்குப் பதில் தடித்த கைவினைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். துணியில் தவறான தையலைப் பிரித்தால் துளை மூடிக்கொள்ளும், காகிதத்தில் மூடாது. அந்த ஒரு வேறுபாடு உங்களை நிதானமாக்கி, வேறு விதமாகச் சிந்திக்க வைக்கும். கண்ணுக்கு மட்டும் நல்ல வெளிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கையை விட்டுப் பிரியாத கருவி எது?
– வாசகர், சேலம்

கோணி ஊசி. மூட்டை தைப்பதற்கென்று மளிகைக் கடையில் வைத்திருப்பார்களே, அதேதான்.

இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா? விலையை எப்படி வைப்பது? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகி, கோவை

படைப்புகளை மட்டும் விற்று முதல் சில ஆண்டுகள் குடும்பம் நடத்த முடியாது. நான் சேலை டிசைன் வேலையை நெடுங்காலம் விடவில்லை. காலையில் கட்டத்தாள், மாலையில் என் வேலை. அதில் இழிவு ஒன்றும் இல்லை. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் 1966இல் எப்படி உருவானது தெரியுமா? அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகு வைத்துச் சாயமிடும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருவாய்தான் நிலம் வாங்கக் கைகொடுத்தது. இன்று உலகம் கொண்டாடும் ஓவியங்களுக்குச் சோறு போட்டது மெழுகு தோய்த்த துணி.

விலை வைக்கும்போது பொருள் செலவைக் கணக்கிடுங்கள்; அதோடு, நல்ல கைத்திறன் உள்ள ஒருவருக்கு நாள் கூலி என்ன கொடுப்பீர்களோ அதை உங்களுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து செய்ததுதானே என்று தள்ளுபடி செய்யாதீர்கள். கலைக்கூடங்கள் விற்பனை விலையில் பாதி வரை எடுத்துக்கொள்வதுண்டு. அதை முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய வேலைகள் சிலவற்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். பெரியதைப் பார்த்து வியப்பவர் பெரும்பாலும் சிறியதைத்தான் வாங்குவார்.

இன்னொன்றைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். தையலுக்கும் முடிச்சுக்கும் உதவும் பெண்களின் கூலியை வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். ‘படைப்பு விற்ற பிறகு தருகிறேன்’ என்று சொல்லும் கலைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். விற்காமல் போவது கலைஞரின் துணிச்சலுக்கு உரிய விலை. அதை அந்தப் பெண்களின் அடுப்பின்மேல் ஏற்றக்கூடாது. கண்காட்சிச் சுவரில் உங்கள் பெயருக்குக் கீழே அவர்கள் பெயரும் இருக்கட்டும். என் அப்பா நெய்த எந்தச் சேலையிலும் அவர் பெயர் இல்லை.

பாட்டியின் பட்டுச் சேலைத் துண்டுகளையும் துரு ஏற்றிய துணியையும் சேர்த்து ஒரு படைப்பு செய்திருக்கிறேன். கெட்டுப் போகாமல் எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, சென்னை

முதலில் பட்டு. ஜரிகை சேர்ந்த பட்டுத் துணியை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிந்த கோட்டிலேயே அறுந்துபோகும். மடிக்காதீர்கள். தடித்த குழாய் ஒன்றில் துவைத்த மல் துணியைச் சுற்றி, அதன்மேல் படைப்பைத் தளர்வாக உருட்டி வையுங்கள். உருட்ட முடியாத கனம் என்றால் பரப்பி வையுங்கள்.

பருத்தித் துண்டுகளைச் சேர்ப்பதாக இருந்தால், தைப்பதற்கு முன்பே வெந்நீரில் அலசிக் கஞ்சியை முழுவதும் எடுத்துவிடுங்கள். சாயம் கழன்று ஓடும் துணியா என்று ஒரு மூலையை நனைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இராமபாணப் பூச்சி தேடி வருவது கஞ்சியையும் பசையையும்தான். அட்டையும் காகிதமும் சேர்ந்த வேலைக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். வசம்பைத் தட்டி ஒரு சிறு துணிப்பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் போடுங்கள். படைப்பின் மேல் நேராகப் படக்கூடாது. சட்டம் போட்டால் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். சென்னையின் ஈரக் காற்றில் கண்ணாடியோடு ஒட்டிய துணி பூசணம் பிடிக்கும். வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம்.

துரு பற்றித் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அது அழகானது, ஆனால் நாருக்குப் பகை. இரும்பு இருக்கும் இடத்தில் நார் விரைவில் நொறுங்கும். பழைய கலம்காரித் துணிகளில் சிவப்பு அப்படியே இருக்க, இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்த கறுப்புக் கோடுகள் மட்டும் பொடிந்து போயிருப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம். துருத் துணியைப் பாட்டியின் பட்டோடு நேராகத் தைத்திருந்தால், பிரித்து எடுத்து, நடுவில் ஒரு பருத்தித் துணியை வைத்து மறுபடி தைத்துவிடுங்கள். துருவின் நிறத்துக்காக மட்டும் என்றால் அடுத்த வேலைக்குக் கடுக்காயும், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரும் வைத்து முயன்று பாருங்கள். படிகாரம் கூட்டினால் நல்ல செம்பழுப்பு கிடைக்கும்.

கடைசியாக, வெள்ளைப் பருத்தி நாடா ஒன்றில் யாருடைய சேலை, எந்த ஊரில் நெய்தது, என்னென்ன பொருள் சேர்ந்திருக்கிறது, எந்த ஆண்டு செய்தது என்பதைப் பென்சிலால் எழுதிப் படைப்பின் பின்பக்கம் தைத்துவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.